மும்பைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

வலையபட்டியில் இந்த வருஷமும் படிப்பு முடித்த பிள்ளைகள் சிலருக்கு மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது. "நீங்க அங்கேயே இருந்தவுக, பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்க ஐயா" என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள். வங்கி வேலையில் வெகுகாலம் மும்பையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். திண்ணையில் நின்றபடி விபூதி பூசி, இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால் எழுதிவைக்கிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியே போவது புதிதில்லை. கொண்டுவிற்கப் போன நம் நகரத்தார் ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போனார்கள். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அவர்கள் தனியாகப் போகவில்லை. இறங்குகிற இடத்தில் கடை இருந்தது, படுக்க இடம் இருந்தது, சமையற்காரர் இருந்தார், தப்புப் பண்ணினால் அதட்டுவதற்கு மேலாள் இருந்தார். நீ ஒரு வேலைக் கடிதத்தையும் ஒரு செல்போனையும் வைத்துக்கொண்டு போகிறாய். அந்தக் காலத்தில் கடை செய்து கொடுத்த ஏற்பாடு அத்தனையையும் நீயே உனக்குச் செய்துகொள்ள வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்.

1. வேலைக் கடிதத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை உன் சம்பளமில்லை. ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் என்றிருந்தால் மாதம் 60,000 என்று வீட்டில் சொல்லிவிடாதே. அதில் பத்து சதவீதம் ‘வேரியபிள்’ என்றிருந்தால் மாதக் கணக்கில் 6,000 கழிந்தது. அது பிறகு வந்தால் உண்டு. அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வை. கம்பெனி கட்டும் பி.எஃப். 3,600, உன் பங்கு 3,600, கிராஜுவிட்டிக்கு 1,440 சொச்சம். மகாராஷ்டிரத்துத் தொழில்வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. எல்லாம் போகக் கைக்கு வருவது 45,000 சுமார். வாடகை, சாப்பாடு, சேமிப்பு எல்லாவற்றையும் இந்த 45,000-ல் இருந்துதான் யோசிக்க வேண்டும். "மாதா மாதம் என் கணக்கில் எவ்வளவு விழும்?" என்று கம்பெனியில் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மின்னஞ்சலில் கேள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

2. முதல் சம்பளம் வருமுன் மும்பை உன்னிடம் பெரிய தொகை கேட்கும். மூன்று பேர் சேர்ந்து மாதம் 45,000 வாடகையில் ஒரு வீடு பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத டெபாசிட் 1,35,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை. ஆக 2,25,000, தலைக்கு 75,000. மெத்தை, பாத்திரம், ரயில் பாஸ், ஒரு மாதச் சாப்பாடு இதற்கு மேல். ஒன்றேகால் லட்சம் கையில் இல்லாமல் புறப்படாதே. அதை நகைக்கடன் வைத்துத்தான் புரட்ட வேண்டுமென்றால் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த மாதம் எவ்வளவு திருப்புவது என்று அப்பச்சியோடு உட்கார்ந்து எழுதிவிட்டு வை. கைபேசியில் ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறோம் என்று வருகிற செயலிகளைத் தொடாதே.

3. இங்கிருந்தபடியே வீடு பிடிக்காதே. படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பினால் அங்கே அந்த வீடே இருக்காது. இப்படி ஏமாந்த பிள்ளைகள் நிறைய. முதல் மாதம் ஆபீசுக்குப் பக்கமாக ஒரு பி.ஜி.யில் இரு. பெண்பிள்ளைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடுதிகள் உண்டு. இடம் கிடைத்தால் ஒரு வருஷம்கூட அங்கேயே இருக்கலாம்.

4. வீட்டைப் பார்க்குமுன் ரயில் பாதையைப் பார். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே.

மும்பை நீளவாக்கில் கிடக்கிற ஊர். மேற்குப் பாதை சர்ச்கேட்டிலிருந்து தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி என்று விரார் பக்கம் போகிறது. மத்தியப் பாதை சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தாதர், குர்லா, முலுண்ட், தாணே, டோம்பிவிலி, கல்யாண் என்று போகிறது. ஹார்பர் பாதை குர்லா, செம்பூர் வழியாகக் கழிமுகத்தைக் கடந்து வாஷி, நெருல், பன்வேல். தாணேயிலிருந்து ஐரோலி வழியாக நவி மும்பைக்கு இன்னொரு பாதை உண்டு. உன் ஆபீஸ் எந்தப் பாதையில் இருக்கிறதோ அதே பாதையில் வீடு எடு. வரைபடத்தில் ஏழு கிலோமீட்டர் என்று காட்டுகிற இடத்துக்கு இரண்டு வண்டி மாறி, கடைசியில் ஷேர் ஆட்டோ வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒரே வண்டி, ஏறினால் இறங்கினால் ஆபீஸ் என்றால் அந்த வீடுதான் நல்லது. ஐரோலியில் வேலை கிடைத்த பிள்ளை, மும்பைக்கு வந்துவிட்டோம் என்ற ஆசையில் அந்தேரியில் வீடு எடுத்தால் ஆறே மாதத்தில் முகம் வற்றிப்போகும்.

வாடகை மிச்சம் என்று வெகுதூரம் போகிறவர்களும் கணக்குத் தப்புகிறார்கள். போக வர நாளுக்கு நாலு மணி நேரம் ரயிலில் போனால் சமைக்க மாட்டாய், வாங்கித்தான் தின்பாய். படிக்க மாட்டாய், வேலையில் மேலே போக மாட்டாய். வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு வழி ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். அதற்குள் அகப்படுகிற இடங்களில் வாடகை குறைவானது எதுவோ அதை எடு. ஆரேயிலிருந்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ் வழியாக கஃப் பரேடு வரை சுரங்க மெட்ரோ 2025 அக்டோபரில் முழுவதும் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் ஆபீஸ் இருப்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கலாம். முடிவு செய்யுமுன் ஒரு வேலைநாள் காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது பார்த்ததாகாது.

5. ஒப்பந்தத்தை அங்கே ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்பார்கள். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்று இங்கே சிலர் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் அது செல்லாது. 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் தண்டனை அவருக்கு. நிபந்தனைகளைப் பற்றித் தகராறு வந்தால், அவர் வேறுவிதமாக நிரூபிக்காதவரை நீ சொல்வதுதான் எடுபடும். ஆதாரும் கைரேகையும் வைத்து வீட்டிலிருந்தே பதிவு செய்து கொடுக்க ஆட்கள் உண்டு. டெபாசிட்டைப் பணமாகக் கொடுக்காதே, வங்கி வழியாகவே போகட்டும். உள்ளே குடிபோகிற நாளில் சுவரில் உள்ள ஈரக்கறை, உடைந்த டைல்ஸ், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடு. காலி செய்கிறபோது அதுதான் உனக்குச் சாட்சி.

கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தர மாட்டோம், கறி மீன் சமைக்கக் கூடாது, இரவு பத்துக்கு மேல் ஆள் வரக் கூடாது என்று சில ஹவுசிங் சொசைட்டிகளில் சொல்வார்கள். சண்டை போட்டுச் சம்மதிக்கவைத்து உள்ளே போய்ப் பயனில்லை. அங்கே தினமும் குடியிருக்கப் போவது நீ. வேறு வீடு பார். மின்சாரத்துக்கும் தனியாக ஒதுக்கு. இங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அங்கே முதல் யூனிட்டிலிருந்தே காசு.

6. கூட்டாக இருக்கத் தயங்காதே. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் நீளக் கூடத்தில் ஆளுக்கொரு கைப்பெட்டியும் ஒரு கைமேசையும் போட்டு, தரையில் உட்கார்ந்துதான் தொழில் நடத்தினார்கள். படுக்கையும் அதே கட்டடத்தில், சமையலும் பொதுவில். இடத்துக்குக் கொடுக்கிற காசை அவர்கள் அவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள். ஆனால் செலவுப் பங்கை எழுதிவைத்தார்கள். நீங்களும் முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள்: வாடகை யார் பெயரில் போகும், கேஸுக்கும் கரண்டுக்கும் பங்கு எப்படி, ஒருவர் நடுவில் போனால் அவர் டெபாசிட்டை யார் திருப்புவது, விருந்தாள் எத்தனை நாள் தங்கலாம். சிநேகிதத்தில் இதெல்லாம் பேசுவதா என்று கூச்சப்பட்ட பிள்ளைகள்தான் பிற்பாடு பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிகிறார்கள்.

7. லோக்கல் ரயில். அந்த ஊரில் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே 1853-லேயே ரயில் ஓடிவிட்டது. மூன்று நான்கு தலைமுறையாக அவர்கள் அதில் ஏறி இறங்கிப் பழகியவர்கள். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே முதல் ஒரு மாதம் ‘ஃபாஸ்ட்’ வண்டியை விட்டுவிட்டு ‘ஸ்லோ’வில் போ. இறங்குகிற நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்பே வாசல் பக்கம் நகர்ந்துவிடு. முன்னால் நிற்பவரிடம் அவர் அங்கேதான் இறங்குகிறாரா என்று கேள். பை முதுகில் வேண்டாம், மார்பில் இருக்கட்டும். வாசலில் தொங்காதே. வாசலில் நின்று போனைப் பார்க்காதே. தண்டவாளத்தோரம் நின்று கம்பால் தட்டிப் போனை விழவைப்பவர்கள் உண்டு, அதைப் பிடிக்கப் போய் விழுந்தவர்களும் உண்டு. நடைமேடை மாறத் தண்டவாளத்தில் குதிக்காதே. அந்தப் பாதைகளில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். விழுந்தும் அடிபட்டும் சாகிற அந்தக் கூட்டத்தில் பலருக்கு அடுத்த வண்டி நாலு நிமிஷத்தில் இருந்திருக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு: பெண்கள் பெட்டி எல்லா வண்டியிலும் உண்டு, மேற்குப் பாதையில் 1992 மே மாதத்திலிருந்தே பெண்களுக்கென்று தனி வண்டி ஓடுகிறது. இரவு நேரத்தில் பெண்கள் பெட்டியில் காவலர் வருவது வழக்கம்; அவர் இருக்கிற பெட்டியாகப் பார்த்து ஏறு, ஆத்தா. அந்தப் பெட்டிகளில் தினமும் சேர்ந்து போகிறவர்கள் கறிகாய் நறுக்குவார்கள், வளைகாப்புக்கூடச் செய்வார்கள். ஒரு கூட்டத்தில் சேர்ந்துகொண்டால் உனக்கு இடம் பிடித்துவைப்பார்கள், ஒருநாள் வராவிட்டால் விசாரிப்பார்கள்.

8. ஆட்டோ மீட்டருக்குத்தான் ஓடும். பேரம் பேசாதே. ஆரம்பக் கட்டணம் 2025 பிப்ரவரி முதல் 26 ரூபாய், டாக்சிக்கு 31. பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோ கிடையாது.

9. மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை. வந்தால் ஊருணி நிறைந்தது என்று சந்தோஷம். அங்கே ஜூன் இரண்டாவது வாரம் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. நம் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய அவ்வளவுதான். ஊரே நின்றுபோனது, ஆயிரக்கணக்கானவர்கள் இரவெல்லாம் ஆபீசிலும் பஸ்ஸிலும் கிடந்தார்கள், பலர் முழங்கால் இடுப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக நடந்து வீடு போனார்கள்.

பெரிய மழையும் கடலின் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடியப் போக்கிடம் இல்லை. மழைக்காலத்தில் காலையில் வானிலை எச்சரிக்கையோடு கடலேற்றம் எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்பதையும் பார்க்கப் பழகு, செய்தித்தாளிலேயே போடுவார்கள். நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றமும் சிவப்பு எச்சரிக்கையும் சேர்ந்த நாளில் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கேள். வீடு பார்க்கும்போது தரைத்தளம் எடுக்காதே, "ஜூலையில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வரும்?" என்று புரோக்கரிடம் கேட்காமல் எதிரே இருக்கிற மளிகைக்கடைக்காரரிடம் கேள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஆபீசிலோ நிலையத்திலோ தங்கிவிடு. தேங்கின தண்ணீரில் நடக்காதே. 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில், பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு நடந்து போகும்போது திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் விழுந்து இறந்துபோனார். அந்த ஊரில் வெகுகாலம் இருந்தவருக்கே அந்தக் கதி.

தோல் செருப்பு, தோல் பை பூசணம் பிடிக்கும். அசல் சான்றிதழ்களை ஊரிலேயே பெட்டகத்தில் வைத்துவிட்டு நகல் கொண்டுபோ. கேட்டால் மட்டும் அசலை எடுத்துப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வை. ஆபீஸ் இழுப்பறையில் ஒரு செட் உடுப்பு, ஒரு துண்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட், உனக்கு வேண்டிய மாத்திரை இருக்கட்டும்.

10. மராத்தி கற்றுக்கொள். ஹிந்தி தானாக வந்துவிடும். மராத்தியை நீதான் முயன்று படிக்க வேண்டும். 1960-களின் கடைசியில் தென்னாட்டவர் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அந்த ஊரில் பெரிய கிளர்ச்சி நடந்தது, நம்மவர்கள் கடைகள் அடிபட்டன. இப்போதும் மொழித் தகராறு அவ்வப்போது வருகிறது. நான் அதற்குப் பயந்து சொல்லவில்லை. போன ஊரின் பேச்சைப் பேசுவது அந்த ஊருக்குச் செய்கிற மரியாதை. பர்மாவில் கடை வைத்தவர்கள் பர்மியப் பேச்சைப் பேசித்தான் தொழில் செய்தார்கள். காய்கறிக்காரியை ‘மாவ்ஷி’ என்று கூப்பிட்டு இரண்டு வாக்கியம் தப்பும் தவறுமாகப் பேசிப் பார், அன்றைக்கு ஒரு கொத்து கொத்தமல்லி கூடவே விழும்.

11. சாப்பாடு. ஆத்தா கட்டிக் கொடுக்கிற மிளகாய்ப்பொடி, சாம்பார்ப் பொடியை ஒரே டப்பாவில் இரண்டு கிலோவாகக் கொண்டுபோகாதே. ஜூலை மாதக் காற்றில் திறந்த பொடி பத்து நாளில் கட்டிதட்டும், பிறகு பூசணம். கால் கால் கிலோவாக, வெயிலில் காயவைத்து, கெட்டியான பையில் காற்றில்லாமல் கட்டி, ஒன்று வெளியே மற்றது குளிர்பெட்டியில் என்று வை. வத்தல், அப்பளமும் அப்படியே. புழுங்கலரிசி, நல்லெண்ணெய், வாழையிலை, நம் காய்கறி எல்லாம் மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும், செம்பூரிலும் கிடைக்கும். இங்கிருந்து மூட்டை கட்ட வேண்டாம். காலையும் இரவும் நீயே சமை. மத்தியானச் சாப்பாடு வீட்டுச் சமையலாக டப்பாவில் கொண்டுவந்து தருகிறவர்கள் ஏரியாவுக்கு ஏரியா உண்டு. தினமும் செயலியில் சாப்பாடு வரவழைக்கிற பழக்கம் வந்தால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும், வயிறும் கெடும்.

தேன்குழலும் சீப்புச் சீடையும் மட்டும் ஒரு சம்படம் நிறையக் கொண்டுபோ. அது உனக்கில்லை. பக்கத்து வீடு, வாட்ச்மேன், ஆபீசில் உன் மேசைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள், எல்லாருக்கும் முதல் வாரத்தில் கொடு.

12. கணக்கு எழுது. பெட்டியடிப் பையன் கடைக்குப் போனதும் முதலில் பெருக்கினான், தண்ணீர் எடுத்தான், அதோடு கணக்குப் படித்தான். அன்றாடக் குறிப்பில் ஏறாமல் ஓரணா வெளியே போகாது. குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு, பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கு. கடை அடைக்குமுன் பெட்டியில் இருப்பும் ஏட்டில் இருப்பும் ஒத்துவர வேண்டும், வராவிட்டால் படுக்கை கிடையாது. நம் வீடுகளிலும் கல்யாணமான பிள்ளையை ‘வேறு வைப்பது’ இதற்காகத்தான். ஒரே பெரிய வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனி அரிசி, வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிட்டு, அதற்குள் குடித்தனம் நடத்து என்று விட்டார்கள். பெரியவர்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். உன்னை இப்போது ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறு வைக்கிறோம், அவ்வளவுதான்.

சம்பளம் வந்த அன்றே சேமிப்பு வெளியே போய்விட வேண்டும். முதல் வருஷம் ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் சேரும்வரை வேறு எந்த முதலீட்டுப் பேச்சும் வேண்டாம். கிரெடிட் கார்டு வைத்திருந்தால் முழுத் தொகையையும் கட்டு. ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளினால் மாதம் மூன்றரை, அதற்கு மேலும் வட்டி போடுகிறார்கள், வருஷத்துக்கு நாற்பதைத் தாண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, கூட இருக்கிற பையன் ‘ஆப்ஷன்’ போட்டு ஒரே நாளில் பத்தாயிரம் எடுத்தான் என்று கேட்கிறது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பார்: மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ என்கிற இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1,80,000 கோடிக்கு மேல். வங்கியில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட முகங்களை எதிர் நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் இருபத்தைந்து முப்பது வயதுப் பிள்ளைகள். அப்பச்சிக்குத் தெரியக் கூடாது என்பதுதான் எல்லாருடைய முதல் பேச்சும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஓரிடத்தில் போடாதே. 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் போய், கடனுக்கு ஈடான வயல்கள் கைக்கு வந்து, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால்வாசி நம் நகரத்தாரிடம் சேர்ந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். மலையும் காடும் தாண்டி நடந்தே இந்தியா வந்தவர்கள் உண்டு. பிறகு பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலங்கள் அரசுடைமை ஆகின. கெட்டிக்காரத்தனத்தில் குறைவில்லாதவர்கள்தான், ஆனால் சொத்து அத்தனையும் ஒரே நாட்டு மண்ணில் இருந்தது. நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் பலவற்றின் கதை அங்கே தொடங்குகிறது.

13. கம்பெனி கொடுக்கிற மருத்துவக் காப்பீடு வேலை இருக்கிறவரைதான். சொந்தமாக ஒன்று எடு. இளவயதில் பிரீமியம் குறைவு. வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயரை அறையில் கூட இருப்பவருக்கும் சொல்லிவை.

14. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டமான நாள். வேலைநாளில் ஊர் நினைப்பு வர நேரமிருக்காது. ஞாயிறு மத்தியானம் வரும். படுத்துக் கிடக்காதே. சயானில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. சண்முகானந்த சபாவில் கச்சேரி கேட்கலாம். செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலுக்குப் போனால் தமிழ்க் குரல் காதில் விழும். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பிள்ளையார் நோன்பை விடாதே. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற மாலை, எந்த நாட்டில் இருந்தாலும் நம்மவர்கள் ஒரு வீட்டில் கூடி இழை எடுத்துக்கொள்கிறார்கள். புதுவேட்டியிலிருந்து இழுத்த இருபத்தோரு நூலைத் திரியாக்கி, மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறபோது பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று கொடுக்க வேண்டும். மும்பையில் அந்தப் பெரியவர் யார் என்று முதல் வருஷமே விசாரித்துவை. அவர் வீட்டு விலாசம் உனக்கு நோன்புக்கு மட்டுமல்ல, மற்றதுக்கும் உதவும்.

மற்ற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் அதேதான். தாராவியிலும் சயானிலும் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். எந்த ஊரானாலும் நம் ஊர்ப் பேச்சு கேட்டால் ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுக்காமல் விட மாட்டார்கள்.

15. பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் மூன்று தடவை போன் போடாதீர்கள். பிள்ளை ரயிலில் ஒற்றைக்காலில் நிற்கிற நேரமாக இருக்கும். இரவு ஒன்பதரை என்று ஒரு நேரம் வையுங்கள். "எவ்வளவு மிச்சம் பிடித்தாய்?" என்பதை முதல் ஆறு மாதம் கேட்காதீர்கள், மிச்சமிருக்காது. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லும், என்ன சமைத்தாய் என்று கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும். பொங்கலுக்கோ படைப்புக்கோ வர வேண்டுமென்றால் தேதியை முன்கூட்டிச் சொல்லுங்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, திறந்த அன்றே எடுத்தால்தான் உண்டு.

16. மூன்று வருஷத்தை ஒரு கணக்காக வை. கொண்டுவிற்கப் போனவர்களுக்கு ஒரு தவணை மூன்று வருஷம். முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் வருவார்கள், இருந்து யோசித்து, வேண்டுமென்றால் மறுபடி கப்பலேறுவார்கள். நீயும் அப்படியே செய். முதல் வருஷத்தில் ‘இந்த ஊர் நமக்கு ஆகாது’ என்று தோன்றும், அதை நம்பி முடிவெடுக்காதே. ஐந்து வருஷம் கழித்து ‘இனி எங்கே போவது’ என்று தோன்றும், அதையும் நம்பாதே. மூன்றாவது வருஷக் கடைசியில் ஊருக்கு வந்து பத்து நாள் இரு. இருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, கற்ற வேலை என்ன, உடம்பு எப்படி என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய். திரும்பி வருவதென்றால் தலையை நிமிர்த்திக்கொண்டு வா. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அந்த அனுபவத்துக்கு விலை உண்டு.

வீட்டைக் காலி செய்யும்போது ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை எழுத்தில் கொடு. குடிபோன அன்று எடுத்த படங்களை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார், சாவியைக் கொடுக்கிற அன்றே டெபாசிட்டைக் கேள். கம்பெனியில் விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு இரண்டையும் வாங்காமல் வெளியே வராதே. பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். எண்ணில் அடுத்த கம்பெனிக்கு மாற்றிவிடு.